வாங்கிய சீட்டை விற்கலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர்களும் பட்டதாரிகளும் பேசவேண்டிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்த என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆயினும், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பதிவுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்து, வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்து வருபவன் என்ற உரிமையில், எனக்குத் தெரிந்த ஒரே பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அந்தப் பொருள் சீட்டு.

சீட்டு என்றவுடன் இங்குள்ள ஆடவர் சிலருக்கு ரம்மி நினைவுக்கு வரும். தாய்மார்களுக்கு மாதாந்தர ஏலச்சீட்டு நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது நுழைவுச் சீட்டையும் பிரயாணச் சீட்டையும் பற்றி. ஒருவர் விலை கொடுத்து வாங்கிய சீட்டை மற்றொருவருக்கு விற்கலாமா? விற்பதானால் என்ன விலைக்கு விற்கலாம்? இதுவே கேள்வி.

இக்கேள்வி இவ்வாண்டு நம் காலனியிலேயே எழுந்தது என்பதை யாவரும் அறிவீர்கள். ஆண்டு விழாவையொட்டி நடந்த கேரம் போட்டிக்கு 32 இடங்கள் மட்டுமே இருந்தன. பதிவு தொடங்கிய மாலையிலேயே அவ்வளவும் தீர்ந்துவிட்டன. நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். போட்டிக்கு நான்கு நாட்களுக்கு முன், ஆட இயலாத ஓர் அன்பர் தம் சீட்டை 150 ரூபாய்க்கு மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய சீட்டு, அவர் விற்றார், இதில் குற்றம் என்ன என்றனர் சிலர். சங்கத்தைச் சந்தைக்கடை ஆக்கிவிட்டார் என்றனர் வேறு சிலர். இரண்டு வார காலம் தண்ணீர்க் குழாயடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் இதே பேச்சு. அந்த அன்பரைக் குறைகூற நான் இங்கு வரவில்லை. சீட்டை விற்கலாகாது என்று நம் விதிகளில் ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதாத விதியை மீறினார் என்று ஒருவரைக் குற்றம் சாட்டுவது முறையாகாது. ஆனால் அடுத்த ஆண்டு இதே சச்சரவு எழாமலிருக்க வேண்டுமாயின், இதில் நியாயம் எது என்று இப்போதே தெளிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கிய புடவையை நீங்கள் வாங்கிய விலைக்கு மேல் விற்றால் எவரும் கேட்கப்போவதில்லை. ஏனெனில் அந்தப் புடவை உங்களுடையது; வேண்டுபவர்க்கு அதே கடையில் வேறு புடவை கிடைக்கும். சீட்டு அத்தகைய பொருளன்று. அந்தக் காகிதத்திற்கு விலையே கிடையாது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னாருக்கு ஓர் இடம் தருகிறோம் என்று கொடுக்கப்பட்ட வாக்குறுதியின் அடையாளமே அது. ஆகவே, அதை விற்பவர் ஒரு பொருளை விற்கவில்லை. வரிசையில் தமக்குக் கிடைத்த இடத்தை விற்கிறார். அந்த இடத்திற்குப் பின்னால் வேறு யாரேனும் நிற்கிறார்களா என்பதைப் பொறுத்தே அவ்விற்பனையின் நியாயமும் அநியாயமும் அமையும்.

இதை விளக்க ஓர் அயல்நாட்டுச் செய்தி. கல்லூரியில் படிக்கும் நம் காலனி இளைஞர் ஒருவர் சொல்லித்தான் இதை நான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில், லாஸ் வேகாஸ் நகரில், 1970ஆம் ஆண்டு முதல் போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் உலகத் தொடர் ஒன்று நடந்துவருகிறது. அதன் தலைமைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அவ்வளவு பணம் இல்லாத பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்காகத் துணைப் போட்டிகள் உண்டு. அவற்றில் சிறு தொகை கட்டி ஆடி வென்றவருக்குப் பெரிய போட்டியில் ஓர் இடம் கிடைக்கும். 2003ஆம் ஆண்டில் டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், 100 டாலருக்கும் குறைந்த கட்டணத்தில் அத்தகைய துணைப் போட்டி ஒன்றில் இணையத்தின் வழியே ஆடி இடம் பெற்றார். 839 பேர் கலந்துகொண்ட தலைமைப் போட்டியிலும் அவரே வென்று 25 லட்சம் டாலர் பரிசு பெற்றார். மறு ஆண்டே அப்போட்டியில் ஆடியவர்களின் தொகை 2,576 ஆக உயர்ந்தது.

பணம் வைத்தாடும் ஆட்டத்தை நான் உயர்த்திப் பேசுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. சூதுக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். நம் நாடாளுமன்றமும் 2025ஆம் ஆண்டில், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. நியாயத்தை ஆராய்வதற்காகவே இதைக் குறிப்பிட்டேன். அந்த இளைஞர் என்னைக் கேட்டார்: "மாமா! துணைப் போட்டியில் இடம் வென்றவர் அங்கே போக முடியாவிட்டால், அந்த இடத்தை வேறொருவருக்கு விற்கலாமா?"

நான் சொன்ன பதில் இது. அங்கே 10,000 டாலர் கையிலுள்ளவர் நேரே சென்று பணத்தைக் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம். ஆட்டக்காரர் பெருகினால் மேசைகளும் பெருகும். ஆகவே இடம் வென்றவர் 9,000 டாலருக்கு அதை விற்றாலும் வேறு எவருடைய இடமும் பறிபோவதில்லை. 11,000 டாலர் கேட்டால் வாங்குவாரில்லை. எனினும், வென்றவரே வந்து ஆடவேண்டும், இடத்தைக் கைமாற்றலாகாது என்று விதி செய்யும் போட்டி அமைப்பாளர்களும் உண்டு. எளியவரும் பெரிய மேசையில் அமரவேண்டும் என்பதற்காகத் திறந்த வாயிலைப் பணக்காரர்கள் மலிவாக நுழையும் பின்வாயிலாக ஆக்கலாகாது என்பது அவர்கள் கருத்து. அந்த விதிக்கு உடன்பட்டுச் சேர்ந்தவர் அதற்குக் கட்டுப்பட்டவரே. விதி இல்லாத இடத்தில் மட்டுமே நான் சொன்ன கணக்கு செல்லும்.

நிற்க. இடம் விரியுமானால் மறுவிற்பனையால் பெருந்தீங்கு இல்லை. இடம் எண்ணி வைக்கப்பட்டதானால் கதையே வேறு. இதற்கு என் துறையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது.

படுக்கை வசதிப் பெட்டி ஒன்றில், பழைய வகையானால் 72 படுக்கைகள். புதிய வகையானால் 80. பொங்கல் வருகிறது என்பதற்காகப் பெட்டி ஓர் அங்குலமும் நீளாது. அதிலும் நாம் இருப்பது நாகபுரி. டெல்லியில் புறப்பட்டுச் சென்னை செல்லும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் நமக்கு நடுவழி வண்டிகள். புறப்படும் நிலையத்திற்கு ஒரு பங்கு, வழியிலுள்ள நிலையங்களுக்கு ஒரு பங்கு என்று இடங்களைப் பிரித்து ஒதுக்குவார்கள். நம் பங்குக்கு வருபவை சில இடங்களே. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து, பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்தான் பதிவு தொடங்கும் என்றாயிற்று. அதற்கு முன் அது 120 நாட்களாக இருந்தது. பண்டிகைக் காலத்தில் காலை 8 மணிக்குச் சாளரம் திறந்தால், சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்து காத்திருப்போர் பட்டியல் தொடங்கிவிடும்.

அந்தப் பட்டியல் எப்படி நகர்கிறது என்பதைத் தாய்மார்கள் அறிந்துகொள்ள வேண்டும். உறுதியான படுக்கை பெற்ற ஒருவர் தம் சீட்டை ரத்து செய்தால், பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை மற்றொருவரோடு பகிர்ந்து உட்காரும் நிலையிலுள்ள முதல்வருக்கு அந்தப் படுக்கை கிடைக்கும். அவர் விட்ட உட்காரும் இடம் காத்திருப்போர் பட்டியலின் முதல்வருக்குப் போகும். மற்றவர்கள் ஒவ்வொரு படி மேலேறுவார்கள். இதில் எழுத்தனுடைய தயவு இல்லை; அதிகாரியின் சிபாரிசு இல்லை; கணிப்பொறிக்கு அண்ணன் தம்பி கிடையாது. ரத்து செய்த ஒருவரால் முகம் தெரியாத பலர் ஒரு படி உயர்கிறார்கள்.

ஆனால் அவர் ரத்து செய்யாமல், தெரிந்தவர் ஒருவருக்கு அதைத் தனியே விற்றுவிட்டால் என்ன ஆகிறது? பட்டியல் அசைவதில்லை. விற்றவருக்கு லாபம், வாங்கியவருக்கு இடம், இருவரும் மகிழ்ந்தார்கள். மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பட்டியலில் முதலாவதாக நின்றவர். தம்மிடமிருந்து ஏதோ எடுக்கப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது.

அந்த மூன்றாமவர் யார் என்று கேட்டால், நம்மிடையே வாழும் ஒருவரே. நம் காலனியிலுள்ள ஒரு தாயாரின் தகப்பனார் தஞ்சாவூரில் நோய்வாய்ப்பட்டிருந்தார். அந்த அம்மையார் காத்திருப்போர் பட்டியலில் இரண்டாம் எண்ணில் இருந்தார். கடைசிவரை அந்த எண் நகரவேயில்லை. ஐந்து வயதுக் குழந்தையுடன் முன்பதிவில்லாப் பெட்டியில், கதவோரத்தில் ஒரு பெட்டியின்மேல் அமர்ந்தபடியே சென்னை வரையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். அதே வண்டியில், நம் நிலையத்து ஒதுக்கீட்டிலேயே, இரண்டு படுக்கைகள் அதிக விலைக்குக் கைமாறி, வேறு பெயர்களில் ஆட்கள் போனார்கள் என்பது பின்னால் பேச்சுவாக்கில் தெரியவந்தது. விற்றவர் தீயவர் அல்லர். இந்த அம்மையாரைக் கண்டால் கை கூப்பி நலம் விசாரிப்பவர்தாம். தாம் விற்றது யாருடைய இடம் என்பது அவருக்கும் தெரியாது. இவ்வகை அநியாயத்தின் இயல்பே அதுதான். தீங்கு செய்தவர், தீங்கு அடைந்தவர் ஆகிய இருவருக்குமே அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதனால்தான் சட்டம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி, ஒருவர் பெயரில் வழங்கிய சீட்டை அவர் மட்டுமே பயன்படுத்தலாம். ஒரே வண்டியில் போகிறவர்கள் தங்களுக்குள் இடம் மாற்றி உட்காருவதை அது தடுக்கவில்லை. மேலும், தாய், தந்தை, உடன்பிறந்தார், கணவன், மனைவி, மகன், மகள் ஆகியோருக்குப் பெயரை மாற்றித் தருமாறு வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுதிக் கேட்கலாம். ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் இச்சலுகை. விதிகள் அனுமதிக்கும் இத்தகைய மாற்றங்கள் தவிர வேறு கைமாற்றம் கிடையாது. அதே சட்டத்தின் 143ஆவது பிரிவின்படி, அனுமதியின்றிச் சீட்டு வியாபாரம் செய்வோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இணையத்தில் எடுத்த சீட்டுகளுக்கும் இப்பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பிறர் பெயரிலுள்ள சீட்டை வாங்கிப் போகிறவரும் அடையாள அட்டை கேட்கப்படும்போது சீட்டில்லாப் பயணியாகவே கருதப்படுவார். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய இடத்தில் குடும்பத்தோடு தலைகுனிந்து நிற்க நேரிடும்.

இனி, நண்பர்கள் என்னிடம் வாதிட்டவற்றுக்கு வருகிறேன்.

"அதிகாலையில் எழுந்து வரிசையில் நின்றேனே, அந்த உழைப்புக்குக் கூலி வேண்டாமா?" என்பது முதல் வாதம். பிறருக்காக அலைபவர் கூலி பெறுவதில் தவறில்லை. உரிமம் பெற்ற முகவர்கள், வாடிக்கையாளர் பெயரிலேயே சீட்டெடுத்து, வரையறுத்த கட்டணத்தை வெளிப்படையாகப் பெறுகிறார்கள். தமக்கென்று இடம் பிடித்து, தட்டுப்பாடு முற்றும்வரை வைத்திருந்து, பிறகு விலை கூறுவது அத்தகைய உழைப்பு அன்று. அங்கே விலைபோவது பிறருடைய அவசரம்.

"வாங்குபவர் மனமொப்பித்தானே கொடுக்கிறார்?" என்பது இரண்டாம் வாதம். ஆற்றில் தத்தளிப்பவன் ஓடக்காரன் கேட்கும் கூலிக்கு மனமொப்பித்தான் தீருவான். அவன் ஒப்பினான் என்பதால் அந்தக் கூலி நியாயமாகிவிடாது. அன்றியும், இருவர் ஒப்பியதற்கு மூன்றாமவர் விலை கொடுக்கிறார் என்பதை மேலே சொன்னேன்.

"போக முடியாமற் போனால் என் பணம் வீணாகவேண்டுமா?" என்பது மூன்றாம் வாதம். இவ்வாதத்தில் நியாயம் இருக்கிறது; முழுமனத்தோடு ஒப்புகிறேன். சீட்டைக் கைமாற்றலாகாது என்று விதிப்பவர், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கடமைப்பட்டவர். ஒரு கதவை அடைத்தால் மற்றொன்றைத் திறந்து வைக்கவேண்டும். ரயில்வேயில் ரத்துக் கட்டணம் பிடிப்பார்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்க அது கூடும். ஆயினும் காலத்தோடு ரத்து செய்பவருக்குப் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் நம் கேரம் போட்டிச் சீட்டில் என்ன அச்சடித்திருந்தோம்? "கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று. திருப்பித் தரவும் மாட்டோம், பிறருக்குக் கொடுக்கவும் கூடாது என்றால், ஆட இயலாதவர் என்ன செய்வார்? ஆகவே சச்சரவில் ஒரு பங்கு விதி எழுதியவர்களையும் சாரும்.

போட்டி என்றால் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. நாடகக் கொட்டகையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு நட்டமில்லை. தோற்றவர் வெளியேறும் முறையில் 32 பேர் ஆடினால் 31 ஆட்டங்கள், ஐந்து சுற்றுகள். சீட்டு வாங்கியவர் வராவிட்டால் எதிராளி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகிறார். ஆசையோடு வந்த அவருக்கு ஓர் ஆட்டம் குறைகிறது. மற்றவர்களோ அவர் இலவசமாக முன்னேறினார் என்று முணுமுணுக்கிறார்கள். அதற்காக யார் வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டால், பள்ளிச் சிறுவன் பெயரில் எடுத்த சீட்டோடு பல கோப்பைகள் வென்ற ஆட்டக்காரர் வந்து அமர்வார். பெயர்களைப் பார்த்துப் போட்ட குலுக்கல் பொருளற்றதாகும். ஆகவே காலி இடம் நிரப்பப்படவும் வேண்டும். அதை நிரப்புவது அமைப்பாளர் கையிலும் இருக்கவேண்டும்.

வள்ளுவர் திருக்குறளில் நடுவுநிலைமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். அது 12ஆவது அதிகாரம். நீதி வழங்குவோருக்குரிய இலக்கணம் என்றே நாம் அதை எண்ணுகிறோம். ஆனால் அதன் கடைசிக் குறள் வாணிகம் செய்வாரைப் பற்றியது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதை அங்கே அவர் வற்புறுத்துகிறார். கொடுக்கல் வாங்கலைப் பற்றிய சொல்லைப் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில், அதுவும் நடுவுநிலைமையில் வைத்தாரே, அதை எண்ணிப் பார்க்கவேண்டும். விற்கும் நேரத்தில் நாம் ஒவ்வொருவரும் சிறு நீதிபதிகள்; நம் முன் நிற்பவரையும், நம் கண்ணில் படாதவரையும் ஒரே தராசில் நிறுக்கவேண்டியவர்கள்.

ஆகவே அடுத்த ஆண்டு முதல் நம் சங்கத்தின் போட்டிகளுக்கும் நாடகங்களுக்கும் நான்கு விதிகளைச் செயற்குழு ஆராயவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, சீட்டுகள் பெயர் எழுதி வழங்கப்பட வேண்டும். ஒருவர் தமக்கும் தம் வீட்டாருக்கும் மட்டுமே பெறலாம். இரண்டாவது, இடம் கிடைக்காதவர்களின் பெயர்களை வந்த வரிசைப்படி ஒரு பதிவேட்டில் எழுதி, எவரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் தொங்கவிட வேண்டும். மூன்றாவது, வர இயலாதவர் போட்டிக்கு முந்திய நாள் மாலை வரை சீட்டைச் செயலாளரிடம் திருப்பிக் கொடுக்கலாம். பட்டியலில் அடுத்திருப்பவர் அதை அச்சடித்த விலைக்கே பெறுவார். கொடுத்தவருக்கு முழுத்தொகையும் திரும்பும். நான்காவது, இவ்விதிகள் செயற்குழு உறுப்பினர்களுக்கும் ஒன்றே. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பட்டியலில்தான் நிற்கவேண்டும். நான்காவது இல்லாவிட்டால் முதல் மூன்றும் காகிதத்தில்தான் இருக்கும் என்பதை வரிசைகளைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ரயில் சீட்டைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போவதில்லை என்று முடிவான அன்றே ரத்து செய்யுங்கள். நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுப் புறப்படும் நேரம் நெருங்கினால் உங்கள் பணமும் குறைகிறது. பட்டியலில் நிற்கும் ஒருவருடைய நம்பிக்கையும் குறைகிறது. பண்டிகைக்கு எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மூன்று நாட்களுக்குச் சேர்த்துச் சீட்டெடுத்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டார் அதிக விலை தருகிறேன் என்றாலும், அந்தப் பணத்திற்குக் கை நீட்டாதீர்கள்.

சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று தொலைபேசியில் செய்தி வந்தால், நமக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரு படுக்கை இடம்தான். இன்று விற்பவர் நாளை பட்டியலில் நிற்பவராகலாம். அப்பொழுது நமக்கு முன்னால் நிற்கும் முகம் தெரியாத ஒருவர் நேர்மையாக நடந்துகொண்டால்தான் நாம் உரிய காலத்தில் ஊர் போய்ச் சேருவோம்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!